அறுபத்து மூன்று சதவீத ஈரம்

ஏப்ரல் 8, செவ்வாய்

சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு லீவு போட்டுவிட்டு இன்று மில்லுக்குத் திரும்பினேன். கேட்டில் நுழையும்போதே செக்யூரிட்டி உள்ளே பார்த்து, "தண்ணி மேடம் வந்தாச்சு" என்று குரல் கொடுத்தார். கெமிக்கல் எஞ்சினியரிங் படித்தவளுக்கு இந்த மில்லில் கிடைத்த பட்டம் அதுதான். சங்கவி என்று ஒரு பெயர் இருப்பது சம்பளச் சீட்டுக்கு மட்டும் தெரியும்.

என் வேலை காற்றை ஈரமாக்குவது. காற்று காய்ந்தால் பஞ்சு இழை முறுக்கு ஏறும்போதே அறுந்துவிடும். அதனால் பிளாண்ட் ரூமில் தண்ணீரைத் தூவானமாகத் தெளித்து, அதன் வழியாகக் காற்றை இழுத்து, ஈரமும் குளிர்ச்சியுமாக ஹாலுக்குள் அனுப்புகிறோம். எவ்வளவு தெளிக்க வேண்டும் என்பதைத் தூண்களில் தொங்கும் ஜோடித் தெர்மாமீட்டர் சொல்லும். ஒன்றின் குமிழ் சும்மா இருக்கும். இன்னொன்றின் குமிழில் தண்ணீரில் நனைந்த திரி சுற்றியிருக்கும். திரியின் ஈரம் காயும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும், அதனால் அது குறைத்துக் காட்டும். காற்று காய்ந்திருந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் அதிகம். ஈரமாக இருந்தால் குறைவு. இவ்வளவுதான் விஷயம். இதை ஸ்பின்னிங் மாஸ்டர் குருபாதத்துக்கு எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. ஒவ்வொரு தடவையும் கொட்டாவி விடுவார்.

டிஜிட்டல் மீட்டர் கெட்டுப்போய் மாதக்கணக்கில் ஆகிறது. "ஆர்டர்ல இருக்கு" என்கிறார்கள். மில்லில் எதைக் கேட்டாலும் ஆர்டரில்தான் இருக்கிறது.

நான் இல்லாத சமயத்தில் எல்லாத் தெர்மாமீட்டருக்கும் புதுத் திரி போட்டிருக்கிறார்கள். பழையது உப்புத் தண்ணீரில் இற்றுப்போய்விட்டதாம். பிளாண்ட் ரூம் ஆபரேட்டர் ஆரோக்கியம் வெளியே வாங்கிவரக் கேட்டதற்கு மாஸ்டர், நூல் மில்லில் உட்கார்ந்துகொண்டு திரிக்கு வெளியே கை நீட்டுவதா என்று திட்டி, நம் ஸ்பிண்டிலில் ஓடிய நூலிலேயே பின்னிப் போடச் சொல்லியிருக்கிறார். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. உலர் குமிழ் 33, ஈரக் குமிழ் 27. அட்டவணைப்படி ஈரப்பதம் 63. வேண்டியதற்கு மேலேயே இருந்ததால் தெளிப்பைக் குறைக்கச் சொன்னேன்.

ஏப்ரல் 10

ஹால் முழுக்கப் பஞ்சு பறக்கிறது. எல்லா மிஷின் சைடிலும் இழை அறுவது கூடியிருக்கிறது. சித்திரை பிறக்கும் முன்பே இப்படி ஒரு காங்கல், அனல் காற்று.

ஏப்ரல் 11

இந்த மில்லில் ஒரு வழக்கம். காலை ஷிப்டுக்கு வருபவர்கள் ஹாலுக்குள் போகும் முன் முற்றத்தில் வரிசையாக நிற்க வேண்டும். சாமி பாட்டு. பிறகு குருபாதம் மைக்கைப் பிடித்து, முந்தின நாள் யார் சைடில் அதிக இழை அறுந்தது என்று பெயர் வாசிப்பார். பெயர் வந்தவர் முன்னால் வந்து நிற்க வேண்டும். வேறு தண்டனை கிடையாது. சும்மா நின்றால் போதும். இதை எவன் கண்டுபிடித்தானோ அவனை அந்த முற்றத்து வெயிலில் ஒரு நாள் முழுக்க நிறுத்தவேண்டும்.

இன்று வாசித்த பெயர் வேலுத்தாய்.

வேலுத்தாய் அக்கா இந்த மில்லிலேயே நல்ல கை. மெல்லிய நூல் ஓடும் மிஷின்களை அவளிடம்தான் கொடுத்திருக்கிறார்கள், மற்றவர்கள் கைக்கு அது அடங்காது. தன் பெயர்தானா என்று தெரியாமல் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். பிறகு நடந்து போய் நின்றாள்.

ஏப்ரல் 12

மறுபடியும் வேலுத்தாய்.

மாஸ்டர் என் அறைக்கு வந்து ஈரம் எவ்வளவு என்று கேட்டார். 63 என்றேன். தூணுக்குத் தூண் போய்ப் பார்த்தேன், எல்லாம் அதையே சொல்கிறது. "அப்ப உங்க பக்கம் தப்பில்லையே?" என்றார். என் பக்கம் சரியாக இருக்கிறது என்றேன். இவர்களுக்கு எது நடந்தாலும் முதலில் என் காற்றைத்தான் குறை சொல்வார்கள். போன வருடம் பேரிங் தேய்ந்ததற்கும் காற்றுதான் காரணம் என்றார்கள். இந்தத் தடவை விடுவதாக இல்லை. நாலு பேர் கேட்கும்படி சத்தமாகவே சொன்னேன்.

ஏப்ரல் 14

வருடப்பிறப்பு. மில் லீவு. வீட்டு ஓனர் நான் வாடகைக்கு இருக்கும் மேல்மாடி அறைக்கு ஏர்கூலர் தருவதாகச் சொல்லி ஒரு வருடம் ஆகிறது. துணி துவைத்தேன், கொடியில் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் காய்ந்துவிட்டது.

மத்தியானம் வேலுத்தாய் அக்கா தூக்குவாளியோடு வந்தாள். மாங்காய்ப் பச்சடியும் பருப்பும். நான் கேட்கவில்லை, அவளாகத்தான் இப்படி நல்ல நாளுக்குக் கொண்டுவருவாள். வேண்டாம் என்றால் கேட்கமாட்டாள். ஒரு ஆள் சோறு சாப்பிட்டதா இல்லையா என்று ஊரே கவலைப்பட வேண்டியதில்லை என்று எத்தனை தடவை சொல்வது. பச்சடியில் வெல்லம் கூடியிருந்தது. வழித்துச் சாப்பிட்டேன்.

அவள் என் எதிரே உட்கார்ந்தாள். இழை ஏன் இப்படி அறுகிறது, காற்றில் ஏதும் இருக்குமா என்று கேட்டாள். காற்று சரியாக இருக்கிறது, 63 என்றேன். "அப்ப சரி" என்றாள். கண் பரிசோதித்துப் பார்த்தாயா, கை நடுக்கம் ஏதாவது இருக்கிறதா, நாற்பது தாண்டினால் சிலருக்கு வரும் என்றேன். அவள் இரண்டு கையையும் மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாளியைக் கழுவிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 16

வேலுத்தாய். மூன்றாவது பெயர் வாசிப்பு என்று நினைக்கிறேன், அல்லது நான்காவது. நான் ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

ஏப்ரல் 17

பம்ப் ரூம் வால்வு ஒழுகுகிறது. ஆரோக்கியத்திடம் காரணமில்லாமல் கத்திவிட்டேன். அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனார்.

வேலுத்தாயை மிஷினிலிருந்து எடுத்துவிட்டார்கள். கீழே விழும் கழிவுப் பஞ்சைக் கூட்டச் சொல்லியிருக்கிறார்கள். அவள் சைடுக்குக் கவுசல்யா என்ற சின்னப் பெண். கூட்டுமாறோடு வேலுத்தாய் என் அறையைத் தாண்டிப் போனபோது நான் போனில் இருந்தேன். யாரும் லைனில் இல்லை.

ஏப்ரல் 19, சனி

வேலுத்தாயிடம் நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மெல்லிய நூல் சரக்கு குறித்த தேதிக்குப் போகாததற்கு ஒரு ஆளைக் காட்ட வேண்டியிருந்திருக்கிறது. மேனேஜர் சேதுபாண்டியன் கேட்டாராம், காற்று சரியா என்று. தண்ணி மேடமே சரி என்று சொல்லிவிட்டார் என்றிருக்கிறார் குருபாதம். இதை எனக்குச் சந்தோஷமான செய்தியாகச் சொன்னார். இருவரும் ஒரே பக்கம் என்று நினைத்துவிட்டார் மனுஷர்.

எனக்கும் வேலுத்தாய்க்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. இருந்தாலும் இந்தக் கூட்டம் ஒரு பொம்பளையை நடத்தும் விதத்தைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

ஏப்ரல் 20, ஞாயிறு

கூலர் வராது என்று முடிவுசெய்து சந்தையில் ஒரு மண்பானை வாங்கினேன். கடைக்காரர், பானையைச் சுற்றி ஈரத்துணி கட்டினால் சில்லென்று இருக்கும் என்றார். எனக்கே பாடம் எடுக்கிறாராம். பக்கத்துக் கடையில் வெளுக்காத காடாத் துணி ஒரு கஜம் வாங்கிவந்தேன்.

துணியைப் பானையில் கட்டித் தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் மணிமணியாக உருண்டு தரையில் விழுந்தது. மறுபடி ஊற்றினேன். துணி உள்ளே இழுக்கவே இல்லை. ஓட்டல் டேபிள் மேல் ஊற்றியதைப் போல ஓடியது. கடைக்காரனைத் திட்டினேன், துணியைத் திட்டினேன். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

புதுக் காடாத் துணி தண்ணீர் பிடிக்காது. எந்த வீட்டிலும் தெரியும், இரண்டு தடவை துவைத்தால்தான் துண்டு ஈரம் துவட்டும். பஞ்சில் பிறவியிலேயே ஒரு மெழுகு இருக்கிறது. அதை சோடா போட்டு வேகவைத்து எடுக்க வேண்டும். மில்லில் ஓடுவது வேகவைக்காத நூல். அதில்தான் திரி பின்னித் தொங்கவிட்டிருக்கிறோம்.

திரி தண்ணீரை உறிஞ்சவில்லை. பாதி காய்ந்த திரி. அது காற்றின் ஈரத்தைச் சொல்லவில்லை, தன் வறட்சியைச் சொல்லிக்கொண்டிருந்தது. காய்ந்த திரி குளிராது, இரண்டு குமிழும் நெருங்கி நிற்கும், நெருங்கி நின்றால் காற்று ஈரமாக இருக்கிறது என்று அட்டவணை சொல்லும். அதைக் கேட்டுத் தெளிப்பைக் குறைத்திருக்கிறோம். ஊரில் வேறு எந்தத் தொழிற்சாலையிலும் இந்தத் தப்பு நடக்காது. அவர்கள் திரியைக் கடையில் வாங்குவார்கள். நூல் மில்காரனுக்குத்தான் தன் நூல் மேல் இவ்வளவு திமிர்.

குருபாதம் நாசமாய்ப் போக.

ஏப்ரல் 21, திங்கள்

கேன்டீன் அடுப்பில் சலவைச் சோடா போட்டு ஒரு திரியை வேகவைத்து அலசினேன். கேன்டீன் மாஸ்டர் என்ன குழம்பு என்று கேட்டார். கொண்டுபோய்க் குமிழில் போட்டுத் தண்ணீர் வைத்தேன். பாதரசம் இறங்கிக்கொண்டே இருந்தது. 27-லிருந்து 24 வரைக்கும் வந்து நின்றது. உலர் குமிழ் அதே 33.

63 அல்ல. 47.

ஆரோக்கியம் அட்டவணையை என்னிடமிருந்து வாங்கி விரலை வைத்துப் பார்த்தார். அவர் பின்னிய திரி. முகம் வெளுத்துவிட்டது. உங்கள் மேல் தப்பில்லை, போட்டவரைவிடப் போடச் சொன்னவருக்குத்தான் பொறுப்பு என்றேன். எல்லாத் திரியையும் வேகவைத்து மாற்றினோம். தெளிப்பைத் திறந்தோம். சாயங்காலத்துக்குள் ஹால் 61-க்கு வந்தது. பஞ்சு பறப்பது அடங்கியது.

ஏப்ரல் 22

இழை அறுவது பாதிக்கும் கீழே. ஒரு பேச்சுப் பேசாமல் வேலை பார்த்தேன். இன்னும் ஒரு நாள் பார்த்துவிட்டு மாஸ்டரிடம் சொல்லி வேலுத்தாயைக் கூப்பிட வைக்க வேண்டும்.

ஏப்ரல் 24

இன்று காலை குருபாதம் மைக்கில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"நல்லாக் கேட்டுக்கங்க. வேலுத்தாய் போச்சு, அறுகிறதும் நின்னு போச்சு. யாரு காரணம்னு நான் சொல்ல வேண்டியதில்ல. வேலையில புத்தி இருந்தா நூல் ஏன் அறுகுது?"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் தலையாட்டினார்கள். கவுசல்யா சிரித்தாள். நான் திரியை மாற்றியது திங்கள். வேலுத்தாய் வராமல் போன முதல் வேலை நாளும் அதே திங்கள். சத்தமில்லாமல் சரிசெய்து, அவள்தான் குற்றவாளி என்பதற்கு என் கையாலேயே சாட்சி ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறேன்.

நேரே மாஸ்டர் அறைக்குப் போனேன். திரி, மெழுகு, 47, எல்லாவற்றையும் சொன்னேன். மேஜை மேல் ஒரு நூல்கண்டை வைத்து அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காட்டினேன். சொட்டு உருளையாக உட்கார்ந்திருந்தது. குருபாதம் அதைப் பார்த்தார், பிறகு விரலால் துடைத்தார். "இப்பச் சரியாயிருச்சுல்ல மேடம், விடுங்க" என்றார்.

மேனேஜரிடம் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பொறுமையாகக் கேட்கிறவர்களை நம்பவே கூடாது. திரியால்தான் அறுந்தது என்பதற்கு என்ன அத்தாட்சி, அவள் போனதாலும் குறைந்திருக்கலாமே, இரண்டும் ஒரே நாளில் நடந்திருக்கிறதே என்றார். பிறகு, "அறுபத்து மூணுன்னு நீங்கதானம்மா சொன்னீங்க?" என்றார். அதட்டவில்லை. டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்பதைப் போலக் கேட்டார்.

ஏப்ரல் 25

ஒரே நாளில் இரண்டை மாற்றினால் எது காரணம் என்று சொல்ல முடியாது. இதைக் காலேஜில் முதல் வருடம் லேப்பிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். ஒன்றைப் பழையபடி மாற்றிப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 26, சனி

மாற்றினேன். வேகவைக்காத திரியை எல்லாத் தூணிலும் திரும்பப் போட்டேன். குமிழ் 27-ஐ நோக்கி ஏறியதும், வழக்கம்போலத் தெளிப்பைக் குறை என்றேன். ஆரோக்கியம் வால்வில் கையை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

"தெரியாமச் செஞ்சது வேற, தெரிஞ்சே செய்யிறது வேற மேடம். உள்ள பொம்பளைப் பிள்ளைக இருக்காக."

நானே திருகினேன்.

பத்து மணிக்கு மேல் ஹால் காய ஆரம்பித்தது. பஞ்சு எழும்பியது. கவுசல்யா மிஷினுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடினாள். ஒரு இழையை ஒட்டி நிமிர்வதற்குள் இரண்டு அறுந்தது. ரோலரில் பஞ்சு சுற்றிக்கொண்டதை நகத்தால் கிழித்தாள். சாப்பாட்டு மணி அடித்தும் அவள் போகவில்லை. எல்லாச் சைடிலும் இதே கதை. முகத்தில் பஞ்சு ஒட்டி, இமையெல்லாம் வெளுத்து, ஒருத்தியை ஒருத்தி அடையாளம் தெரியாதபடி இருந்தார்கள். நான் என் அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். நின்றுதான் பார்த்தேன், உட்காரவில்லை. அது ஒன்றும் பெரிய விஷயமில்லை என்று தெரியும்.

ஷிப்ட் முடிந்ததும் நல்ல திரியைத் திரும்பப் போட்டேன்.

ஏப்ரல் 28, திங்கள்

சாமி பாட்டு முடிந்தது. குருபாதம் மைக்கை எடுத்து, சனிக்கிழமை அதிகம் அறுந்தது கவுசல்யா சைடு என்றார். அவருக்கே குரல் இறங்கிப்போயிருந்தது. கவுசல்யா முன்னால் வந்து நின்றாள், அழுது முகம் வீங்கியிருந்தது. நான் போய் மைக்கை வாங்கினேன். அவர் கொடுத்துவிட்டார், ஏதோ வேண்டுதல் அறிவிப்பு என்று நினைத்திருப்பார்.

"அறுத்தது கவுசல்யா இல்ல. வேலுத்தாயும் இல்ல. தூண்ல தொங்குற திரிதான். வேகவைக்காத நூல்ல திரி போட்டா அது தண்ணி குடிக்காது, பொய் சொல்லும். மாஸ்டர் போடச் சொன்னாரு. சனிக்கிழமை அதே திரிய நான்தான் திருப்பிப் போட்டேன், வேலுத்தாய் இல்லாமலே அறுகுதா இல்லையான்னு பாக்க. அறுந்துச்சு. எல்லாரும் பாத்தீங்க."

என்ன எதிர்பார்த்தேனோ தெரியவில்லை. மைக் கொஞ்சம் கரகரத்தது. கவுசல்யா என் பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "தெரிஞ்சேவா எங்களச் சாகடிச்சீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். மற்றவர்களும் அவள் பின்னால் போனார்கள். ஒருத்திகூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

குருபாதத்திடம் கத்தலாம் என்றால் அவரும் போய்விட்டார்.

ஏப்ரல் 29

எனக்கு மெமோ. அனுமதியில்லாமல் உற்பத்தியைக் கெடுத்ததற்கு. அதே மூச்சில் மேனேஜர், வேலுத்தாயைத் திரும்ப வரச் சொல்லுங்கள் என்றார். உண்மை தெரிந்துவிட்டதால் இல்லை. மெல்லிய நூல் சரக்குக்கு வேறு கை இல்லை. கவுசல்யா அந்தச் சைடுக்கு மறுபடி போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மைக்கில் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்றேன். மைக்கை இனி ஆபீசுக்குள் பூட்டி வைப்பதாக முடிவாகியிருக்கிறது என்றார். மெமோவை நாலாக மடித்துப் பைக்குள் போட்டேன்.

மே 1

தொழிலாளர் தினம். மில் லீவு. சொல்ல வேண்டியதைப் போனில் சொல்லியிருக்கலாம். பஸ் பிடித்து வேலுத்தாய் அக்கா வீட்டுக்குப் போனேன். பத்து ஊர் தள்ளி, ரோட்டிலிருந்து உள்ளே நடக்க வேண்டும். ஆரஞ்சு வாங்கிக்கொண்டேன். வெறும் கையோடு போகக்கூடாது என்பதற்காக, வேறொன்றுமில்லை.

அவள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். மூக்கில் புதுக் கண்ணாடி. எதிரே சுவரில் இரண்டு ஆணி அடித்து, இரண்டுக்கும் நடுவே நூல் கட்டியிருந்தாள். நான் வருவதைக் கவனிக்கவில்லை. நூலை அறுத்தாள், விரல் நுனியில் முறுக்கி ஒட்டினாள், இழுத்துப் பார்த்தாள், மறுபடி அறுத்தாள். காலடியில் ஒட்டின நூல் குவியலாகக் கிடந்தது. ஒட்டு எங்கே இருக்கிறது என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை.

கூப்பிட்டேன். வா பாப்பா என்று எழுந்து, தண்ணீர் கொடுத்தாள், ஆரஞ்சை வாங்கி வைத்தாள். கண்ணாடி எப்படி என்று கேட்டேன். டாக்டர் கண் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னாராம், இவள்தான் எதற்கும் ஒன்று கொடுங்கள் என்று கேட்டு வாங்கியிருக்கிறாள். போட்டால் தலை வலிக்கிறதாம். போட்டுப் பழகுகிறாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். திரியை, மெழுகை, 47-ஐ, மைக்கை. கொஞ்சம் வேகமாகவே சொன்னேன். குருபாதத்தைப் பற்றிச் சொல்லும்போது சத்தம் கூடிவிட்டது, பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். சனிக்கிழமை நான் செய்ததைச் சொன்னேன். திங்கள்கிழமை வரச் சொல்கிறார்கள் என்றேன். அவள் கடைசி வரைக்கும் கேட்டாள்.

கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"மாஸ்டர் சொன்னப்ப எனக்கு ஒண்ணும் தோணல பாப்பா. அந்தாளு யாரத்தான் சொல்லமாட்டாரு. வருசப்பொறப்பு அன்னிக்கு நீ அறுபத்து மூணு, காத்து சரியா இருக்குன்ன. படிச்ச பிள்ள, நம்ம பிள்ள, பொய் சொல்லுமா? அன்னிக்குத்தான் நான் என் கைய நம்பாமப் போனேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி சொன்னாள். வேலைக்கு வருகிறேன் என்றாள். சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். நேரமாகவில்லை. நிழல் இல்லாத ஸ்டாப்பில் ரொம்ப நேரம் நின்றிருந்தேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து குருபாதத்தின் மேல் கோபப்பட்டுக்கொண்டே வந்தேன். அந்தக் கொட்டாவி, அந்த மைக், மேஜையில் சொட்டைத் துடைத்த அந்த விரல், ஒன்றையும் விடவில்லை. அந்தக் கோபம் பாதி வழியில் இருக்கும் வேடசந்தூர் வரைக்குமே வரவில்லை.